இ-சேவை மையத்தில் எனக்கு நன்றி சொன்ன தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

போன வாரம் லைஃப் சர்டிபிகேட் எடுக்க, அதாவது ஓய்வூதியம் தொடர நான் உயிரோடு இருக்கிறேன் என்று பதிய, உங்கள் மையத்துக்கு வந்தேன். என் பெருவிரல் ரேகை விழவே இல்லை. நான்கு தடவை வைத்துப் பார்த்தோம். நீங்கள் சலித்துக்கொள்ளாமல் ஈரத்துணி கொடுத்து விரலைத் துடைக்கச் சொன்னீர்கள், காய்ந்ததும் மறுபடி வைக்கச் சொன்னீர்கள், கடைசியில் மோதிர விரலைப் பிடித்து நீங்களே அழுத்தினீர்கள். பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வந்த ராணுவ ஓய்வூதிய விவரத்தைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, "தேங்க் யூ ஃபார் யுவர் சர்வீஸ் சார்" என்றீர்கள். வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் "இருக்கட்டும் தம்பி" என்று மட்டும் சொல்லிவிட்டு, மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

மரியாதை தெரியாத ஆள் என்று நினைத்திருப்பீர்கள். உங்கள் முகம் வாடியதைப் பார்த்தேன். அந்த முகம் ஒரு வாரமாக மனதில் நிற்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கு முதன்முதலில் நன்றி சொன்னவர்கள் யார் தெரியுமா? யாழ்ப்பாணத்துச் சனங்கள். 1981-ல் வெலிங்டனில் பயிற்சி முடித்து மதராஸ் ரெஜிமென்டில் சேர்ந்தவன் நான். 1987 ஜூலை 29 அன்று கொழும்பில் ராஜீவ் காந்தியும் இலங்கை ஜனாதிபதி ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். அப்புறம் சில நாட்களிலேயே நாங்கள் பலாலி விமான தளத்தில் இறங்கிவிட்டோம். அமைதி காக்கப் போகிறோம் என்றுதான் எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

பலாலி வீதி நெடுக சனம் நின்றது. வாசல்களில் நிறைகுடம். லாரியில் உட்கார்ந்திருந்தவன் கழுத்தில் எல்லாம் மாலை. உரும்பிராய்ப் பக்கம் வண்டி நின்றபோது ஒரு அம்மா எவர்சில்வர் டம்ளரில் தேநீர் கொண்டுவந்தார். சர்க்கரை போடாத வெறுந்தேநீர். கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டியை என் உள்ளங்கையில் வைத்தார். "குடியுங்கோ தம்பி. நீங்கள் வந்திட்டியள், இனிப் பயமில்லை" என்றார். என் அம்மாவின் வயதுதான் இருக்கும். பனங்கட்டி கையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டது. டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அதிலும் ஒட்டியது. அவர் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துக்கொண்டே சிரித்தார்.

அவர் வாயில் நன்றி என்ற சொல்லே வரவில்லை. நம் பேச்சில் அந்தச் சொல் மேடைக்குத்தானே? ஆனாலும் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பெரிய நன்றி அதுதான்.

அதெல்லாம் ஆகஸ்ட். செப்டம்பரில் நல்லூர்க் கோயில் வீதியில் விடுதலைப் புலிகளின் திலீபன் இந்தியாவிடம் கோரிக்கை வைத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் உண்ணாவிரதம் இருந்து 26-ம் தேதி இறந்தார். எங்களைப் பார்த்துக் கையசைத்த பிள்ளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்டோபரில் எங்களுக்கும் புலிகளுக்கும் சண்டை தொடங்கிவிட்டது. எங்களில் ஏறக்குறைய 1,200 பேர் அந்த மண்ணில் இறந்தார்கள். அந்தச் சனத்தில் எத்தனை பேர் இறந்தார்கள் என்று நான் எண்ணிச் சொல்ல முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். அக்டோபர் 21, தீபாவளி நாள். யாழ்ப்பாணம் மருத்துவமனைக்குள் எங்கள் படை நுழைந்தபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் மருத்துவர்கள், தாதியர், படுக்கையில் கிடந்த நோயாளிகள் என்று 60 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். நான் அந்த இடத்தில் இல்லை. ஆனால் அதே உடுப்பைத்தான் போட்டிருந்தேன்.

தம்பி, என் சர்வீஸ் முழுக்கவும் சேர்த்துத்தானே நீங்கள் நன்றி சொன்னீர்கள்? அதில் இதுவும் இருக்கிறது. வாங்கிக்கொள்ளக் கை நீளவில்லை எனக்கு.

நவம்பரில் உரும்பிராய் வழியாகத் திரும்பப் போனோம். அந்த வீட்டின் கூரை பாதி இறங்கிக் கிடந்தது. கதவு திறந்திருந்தது, ஆள் இல்லை. அந்த அம்மா என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அதற்கப்புறம் தமிழ் தெரிந்தவன் என்பதால் என்னைச் சோதனைச் சாவடியில்தான் அதிகம் நிறுத்துவார்கள். அதிகாரி இந்தியில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும், அவர்கள் சொல்வதை இந்தியில் சொல்ல வேண்டும். ஒருநாள் சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர் அடையாள அட்டையை நீட்டிக்கொண்டே, "தம்பி தமிழோ?" என்று கேட்டார். "ஓம்" என்று அவர் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். அவர் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி மிதித்துப் போயிருக்கலாம். மிதிக்கவில்லை.

1990 மார்ச் 24-ல் கடைசிக் கப்பலும் திருகோணமலையை விட்டுக் கிளம்பியது. திரும்பி வந்த படையை வரவேற்க மாநில அரசின் சார்பில் யாரும் போகவில்லை. தமிழர்களைக் கொன்றுவிட்டு வந்தவர்களை வரவேற்க முடியாது என்பது அப்போதைய நிலைப்பாடு. எங்கள் ஆட்களில் பலருக்கு அது இன்னும் ஆறாத புண். எனக்குக் கோபம் வரவில்லை. மாலை என்றாலே அந்த ஆகஸ்ட் மாதம்தான் நினைவுக்கு வரும் ஆளுக்கு, இன்னொரு மாலை வரவில்லையே என்று என்ன கோபம்?

விடுப்பில் ஊருக்கு வந்திருந்தபோது டீக்கடையில் ஒருவர் நேருக்கு நேராகக் கேட்டார்: "அங்க எத்தன தமிழனச் சுட்ட?" குடித்துக்கொண்டிருந்த கிளாஸை வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பல வருஷம் அவரோடு பேச்சில்லை. ஆனால் இப்போது யோசித்துப் பார்த்தால், அவர் என்னைப் பற்றித்தான் கேட்டார். நான் எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று கேட்டார். கேட்ட விதம்தான் கத்தி.

நான் 1998-ல் ஓய்வு பெற்றேன். அடுத்த வருஷம் கார்கில் போர். டிவியில் தினமும் காட்டினார்கள். சவப்பெட்டிகள் ஊர் ஊராக வந்தன. அப்போதிருந்துதான் என்னைப் பார்த்து முன்பின் தெரியாதவர்கள் சல்யூட் அடிக்க ஆரம்பித்தார்கள். நான் கார்கில் பக்கமே போனதில்லை. இதைச் சொன்னால், "அதனால என்ன சார், மிலிட்டரிதானே" என்பார்கள். அதே காலத்தில் ஒரு வங்கியில் காவலாளி வேலை பார்த்தேன். அந்த உடுப்பில் இருக்கும்போது யாரும் சல்யூட் அடித்ததில்லை, வண்டியை நிழலில் தள்ளி வைக்கச் சொல்வார்கள்.

எல்லா முன்னாள் படைவீரரும் என்னைப் போல இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். ராணுவ கேன்டீன் வரிசையில் நிற்கும்போது இந்தப் பேச்சு வரும். சியாச்சினில் இருந்த ஒருவருக்கு யாராவது நன்றி சொன்னால் அன்று முழுக்க முகம் மலர்ந்திருக்கும். அந்தக் குளிருக்கு அது தகும். ராஜஸ்தானில் ஸ்டோரிலேயே காலம் தள்ளிய இன்னொருவர், 'நான் ஒரு ரவுண்டுகூடச் சுட்டதில்லையே' என்று கூனிப்போவார். இன்னொருவர், ஒரே பதவிக்கு ஒரே ஓய்வூதியம் கேட்டு 2015-ல் டெல்லி ஜந்தர் மந்தரில் போராட்டத்துக்கு உட்கார்ந்த முன்னாள் படைவீரர்களைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சை முடிக்கவே மாட்டார். அவர் சொல்வதும் நியாயம்தான்.

என்னோடு இருந்த ஒருவன் கண்ணிவெடியில் போய்விட்டான். தெற்கத்திக்காரன். அவன் ஊருக்குப் போய் அவன் அம்மாவைப் பார்த்தேன். அவர் அழவில்லை. வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, "கடைசியா என்னய்யா சாப்பிட்டான்?" என்று கேட்டார். எனக்குத் தெரிந்திருந்தது. வண்டி ஏறுவதற்கு முன் ஷக்கர்பாரா பாக்கெட்டைப் பிரித்துப் பாதியை எனக்குக் கொடுத்துவிட்டு மீதியை அவன் தின்றான். அது என்ன பண்டம் என்று கேட்டார். மைதா மாவைச் சர்க்கரை சேர்த்துப் பொரிப்பார்கள், நம்ம ஊர் கலகலா மாதிரி இருக்கும் என்றேன். "அவனுக்குக் கலகலா பிடிக்கும்" என்றார். அதற்கப்புறம்தான் அழுதார். நானும் அழுதேன். அந்த ஊருக்கு நான் போய்வந்தது வீண் போகவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது.

உங்கள் மேல் எனக்கு வருத்தம் துளியும் இல்லை தம்பி. எழுந்து நின்றீர்களே, அது எனக்குப் பெரிது. தேய்ந்துபோன விரலை அவசரப்படாமல் பிடித்து வைத்தீர்களே, அது அதைவிடப் பெரிது. ஆனால் எழுந்து நின்றதும் பேச்சு முடிந்துவிட்டது. எங்கே சார் இருந்தீங்க என்று நீங்கள் கேட்டிருந்தால் இலங்கை என்று சொல்லியிருப்பேன். இலங்கையில் எங்கே என்று கேட்டிருந்தால் உரும்பிராய் வரைக்கும் வந்திருப்பேன். என் பிள்ளைகளிடம்கூட அந்த ஊரின் பெயரை நான் சொன்னதில்லை.

அடுத்த நவம்பரில் மறுபடி வருவேன். எப்படியும் ரேகை உடனே விழாது. விரல் காய்கிற நேரத்தில் கேளுங்கள்.

இப்படிக்கு,
மீதிச் சில்லறை வாங்காமல் போன முன்னாள் ஹவில்தார்