சவப்பெட்டியோடு எஸ்கார்ட் போய்த் திரும்பும் சிப்பாய்க்கு ஒரு வாரம் கொடுங்கள்

பட்டாலியன்களை நடத்தும் சி.ஓ. சாப்களுக்கும் ராணுவ மருத்துவ அதிகாரிகளுக்கும் வணக்கம்.

2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19,600 அடி உயரத்தில் இருந்த சோனம் போஸ்ட்டைப் பனிச்சரிவு மூடியது. சிக்கியது 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் குழு. பத்துப் பேரில் நாலு பேர் தமிழ்நாட்டுப் பிள்ளைகள். கல்லாக இறுகிய பனியை வெட்டி, நாள்கணக்கில் தேடி, லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பாவை உயிரோடு எடுத்தார்கள். 11-ஆம் தேதி டெல்லியில் அவரும் போய்விட்டார். அந்தப் பத்துப் பேருக்கும் ஊர் கூடி மரியாதை செய்தது. அவர்களோடு ஒரே லங்கரில், அதாவது படைச் சமையற்கூடத்தில், ரொட்டி தின்ற மற்ற பிள்ளைகளுக்காகத்தான் இந்த மடல்.

ஒருவன் இறந்தால் அவன் பெட்டியைத் திறந்து சாமான்களைக் கணக்கெடுப்பது கூட இருந்தவர்கள்தான். பாதி தீர்ந்த பற்பசை, மகளின் போட்டோ, ஊருக்கு வாங்கி வைத்த சால்வை என்று ஒவ்வொன்றையும் கையில் எடுத்து எழுத வேண்டும். அப்புறம் சவப்பெட்டியோடு எஸ்கார்ட் போகிறவன். நானும் போயிருக்கிறேன். வாசலில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசியா என்னப்பா சொன்னான்? சாப்பிட்டானா?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்ல எந்தப் பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. காரியம் முடிந்து யூனிட்டுக்கு வந்தால் மறுநாளே டியூட்டி லிஸ்ட்டில் பெயர்.

டியூட்டி நிற்காது, தெரியும். எல்லைக் காவலை யாரும் தள்ளிப்போட முடியாது. ஆனாலும் எஸ்கார்ட் போனவனை ஒரு வாரம் துப்பாக்கி டியூட்டியிலிருந்து விலக்கி, இறந்தவனைத் தெரிந்தவர்களோடு உட்காரவிடுங்கள். அவனைப் பற்றிப் பேசட்டும். அழுதால் அழட்டும், பக்கத்தில் ஒரு சீனியர் சுபேதார் சாப் இருந்தால் போதும்.

2023 டிசம்பரில் புனே ஆயுதப்படை மருத்துவக் கல்லூரியில் படைவீரர்களுக்கென்றே டெலி-மனஸ் என்ற தொலைபேசி மனநல ஆலோசனைப் பிரிவு திறந்தீர்கள். நல்ல காரியம், மனசாரச் சொல்கிறேன். ஆனால் தூக்கம் வரவில்லை என்று சொன்னாலே மெடிக்கல் கேட்டகரி (உடல், மனத் தகுதித் தரம்) இறங்கிவிடும், புரமோஷன் போய்விடும் என்று பயப்படுகிற பையன் அந்த எண்ணை எப்படி அழுத்துவான்? நண்பன் செத்த துக்கத்தைப் பேசியதற்காக எவன் கேட்டகரியும் இறங்காது என்று எழுத்தில் உத்தரவு போடுங்கள். அதை சைனிக் சம்மேளனத்தில், அதாவது யூனிட்டே கூடும் கூட்டத்தில், எல்லா ஜவான்களும் கேட்க, சி.ஓ. சாப் தன் வாயாலேயே வாசிக்க வேண்டும்.

மரியாதையுடன்,
ஓய்வுபெற்ற ஒரு ஹவில்தார்