குவின்ஸ் கன்று வாங்கும் முன் இடத்தைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நவம்பர் நெருங்கினால் "வீட்டுச் சுவரில் ஏற்றிவிட ஒரு குவின்ஸ் வேண்டும்" என்று கேட்டுப் பலர் நம் நர்சரிக்கு வருகிறீர்கள். பூவுக்கா, பழத்துக்கா என்று நாங்கள் திருப்பிக் கேட்டால் சிலருக்குக் குழப்பமாக இருக்கிறது. அதனால்தான் இந்த மடல்.

இங்கே இங்கிலாந்தில் இரண்டு வேறு செடிகளுக்கு இந்த ஒரே பெயர் வழங்குகிறது. ஒன்று ஜப்பான் குவின்ஸ். இது முள் உள்ள புதர். இலை விடுவதற்கு முன்பே, மார்ச் குளிரில் சிவப்பாகப் பூத்துவிடும். பக்கத்து வீட்டுச் சுவரில் பார்த்து நீங்கள் ஆசைப்பட்டது அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். மற்றது பழம் தரும் மரம். தமிழில் சீமை மாதுளை என்றும் சொல்வதுண்டு. ஆனால் மாதுளைக்கும் இதற்கும் உறவு கிடையாது, ஆப்பிளும் பேரியும்தான் இதன் சொந்தங்கள். மே மாதத்தை ஒட்டி வெளிர் ரோஜா நிறத்தில் பூத்து, அக்டோபர் கடைசியில் மஞ்சளாகப் பழுக்கும். பழத்தைப் பச்சையாகக் கடித்தால் துவர்க்கும். சர்க்கரை சேர்த்து மெதுவாக வேகவைத்தால் சதை சிவந்து, அடுப்படியே மணக்கும்.

சுவருக்கு என்று கேட்டால், ஜப்பான் குவின்ஸைத்தான் தயங்காமல் கொடுப்போம். வெயில் அதிகம் படாத, வடக்கு பார்த்த சுவரிலும் அது பிழைத்துப் பூக்கும். வெயில் இருந்தால் பூ கூடும், அவ்வளவுதான். பூ முடிந்த கையோடு கவாத்து செய்தால் போதும்.

பழ மரம் வேறு மாதிரி. எங்கள் முதல் மரத்தை ஆப்பிளைப் போலவே கம்பியில் தட்டையாகக் கட்டி, கோடைதோறும் நுனிகளை ஒழுங்காக வெட்டி வந்தோம். பார்க்க அழகாக இருந்தது. பழம்தான் வரவில்லை. குவின்ஸ் பெரும்பாலும் முந்தைய ஆண்டு வளர்ந்த கிளைகளின் நுனியை ஒட்டித்தான் காய்க்கிறது. நுனியை வெட்ட வெட்ட, அடுத்த வருடப் பழத்தை நாங்களே வெட்டி எறிந்திருக்கிறோம். அதனால் தோட்டத்தில் இடம் இருந்தால் அதைத் தனி மரமாகவே விடுங்கள். கன்றை எந்த வேர்ச்செடியில் ஒட்டியிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மரத்தின் அளவு: குவின்ஸ் ஏ என்ற வகை வேரில் ஒட்டிய கன்றுக்கு நாலு மீட்டர் இடம் வேண்டும். குவின்ஸ் சி என்ற வகை வேர் என்றால் கொஞ்சம் குறையலாம். (உங்கள் வீட்டில் ஒட்டுப் பேரி நின்றால், அதன் வேரும் அநேகமாகக் குவின்ஸ்தான்!)

சரி, எந்த மூலையில் வைப்பது? இந்த மரத்துக்கு வெயிலும் வேண்டும், கோடையில் காயாத மண்ணும் வேண்டும். ஈரம் இருக்கிறதே என்று பலர் தோட்டத்தின் தாழ்ந்த கோடியில் நட்டுவிடுகிறார்கள். குளிர்ந்த காற்றும் தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கி, அடியில் உள்ள வேலியில் தட்டித் தேங்கும். வசந்தத்தில் ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் பூ கருகிவிடும். ஜனவரியில் ஒரு காலையில் வெளியே போய், புல்லில் வெண்பனி எங்கே கடைசிவரை கரையாமல் கிடக்கிறது என்று பாருங்கள். அந்த இடம் வேண்டாம். சற்று மேடான, காற்று மறைவான இடத்தில் நட்டு, அடியில் மக்கிய உரத்தைக் கனமாகப் பரப்பினால் ஈரம் தானாக நிற்கும்.

யார்க்ஷயர், ஸ்காட்லாந்து பக்கம் இருப்பவர்களுக்கு மட்டும் பழ மரத்தையும் தெற்கு பார்த்த சுவரில் ஏற்றச் சொல்வோம். அங்கே பழம் முற்றச் சுவரின் சூடு தேவை. சுவரடியில் மழை சரியாக விழாது. அதனால் கன்றை 30 முதல் 45 சென்டிமீட்டர் தள்ளி நட்டு, சுவர்ப் பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். கோடையில் கையால் தண்ணீர் விட வேண்டும். இரண்டு கிளைகளை இருபுறமும் சாய்த்து, விசிறி போல விரியவிடுங்கள். அப்புறம், வடிவம் வந்தபின் எல்லா நுனியையும் கத்தரிக்காமல், குளிர்காலத்தில் நெருக்கமான பழைய கிளைகள் சிலவற்றை மட்டும் அடியோடு எடுங்கள்.

நெருக்கம் குறைந்தால் இலைக்கருகலும் குறையும். மழை அதிகமான கோடையில் இலையெல்லாம் பழுப்புப் புள்ளியாகி உதிர்வது அந்த நோயால்தான். உதிர்ந்த இலைகளைக் கூட்டி அகற்றிவிடுங்கள். ஈரப்பதம் அதிகமான பகுதி என்றால் அந்த நோயை ஓரளவு தாங்கும் செர்பியன் கோல்ட் ரகத்தைக் கேளுங்கள். ஒரு மரம் போதும். தன் மகரந்தத்திலேயே காய்க்கும்.

மண் இல்லாத வெறும் வேர்க் கன்றுகள் நவம்பரில் வரும். மார்ச் வரை நடலாம், மண் உறைந்திருக்கும் நாளைத் தவிர. வரும்போது இடத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து, எது தெற்கு என்று குறித்து வாருங்கள். பார்த்துவிட்டு, அங்கே குவின்ஸ் சரிப்படாது என்றால் அதையும் சொல்லிவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் நர்சரியார்
கென்ட்