ரெக்கோடரை எங்கே வைக்கிறது?

அன்பு மகளுக்கு,

விமானத்திலிருந்து பரசூட்டோடு பாய்ந்தபோது உன் வேகத்தைப் பதிந்த ரெக்கோடரின் வரைபடத்தை அனுப்பியிருந்தாய், அதை நேற்று இரவு போனில் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். தலைகீழாக விழுந்து மணிக்கு 310 கிலோமீற்றர் எட்டிவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய், ஆனால் பிள்ளை, அந்த 310 எந்த இடத்தில் வந்திருக்கிறது என்று வடிவாகப் பார், நீ தலைகீழாகப் போன நேரத்தில் இல்லை, அதை முடித்து வயிற்றுப்பக்கமாகத் திரும்பின அந்த ஒன்றிரண்டு வினாடியில். வேகம் குறைய வேண்டிய இடத்தில் கூடியிருக்கிறது! கருவியில் பழுது என்று நான் நினைக்கவில்லை. நெஞ்சுப்பட்டியில் மாட்டியிருக்கிறாயே, அதுதான் வேலையைக் காட்டுது.

உன் ரெக்கோடர் வேகத்தை நேராக அளக்கிறதில்லை. காற்றழுத்தத்தை அளந்து, அதை உயரமாக்கி, உயரம் எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்று கணக்குப் பார்க்கிறது. வயிறு கீழே இருக்க மணிக்கு 200 கிலோமீற்றர் அளவில் விழுகிற ஆளின் நெஞ்சில் காற்று நேராக முட்டுவதால் அங்கே அழுத்தம் கூட, அந்தக் கூடுதல் மட்டுமே நூறு மீற்றருக்கு மேல் உன்னைக் கீழே இருப்பதாகக் காட்டப் போதும். முதுகில் இதற்கு நேர்மாறு, அழுத்தம் குறைந்து காற்றும் சுழன்றபடி இருக்கும். பண்ணைப் பாலத்தில் எதிர்க்காற்றுக்குள் பஸ்ஸுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிளில் போகும்போது காற்று அடங்கி, பிறகு பக்கவாட்டில் பிடித்து ஆட்டுமே, அதே சங்கதி.

பிழை ஒரே அளவாக இருந்தால் வேகத்துக்கு ஒன்றும் ஆகாது, கழிக்கும்போது போய்விடும். படிப்பித்த காலத்தில் இதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். பிழை திடீரென்று மாறுவதுதான் சிக்கல். நீ உடம்பைத் திருப்பும் ஒரு வினாடிக்குள் அது 50 மீற்றர் மாறினால், இல்லாத 180 கிலோமீற்றர் வேகம் கணக்கில் ஏறும். கருவி சராசரி எடுத்தாலும் அதில் ஒரு பங்கு மிஞ்சும்.

அதனால் ஹெல்மெற்றுக்குள், காதுக்குப் பக்கத்தில் இருக்கிற பையில் வை. அங்கே காற்று நேராக முட்டாது, நீ எந்தப் பக்கம் திரும்பினாலும் அழுத்தம் நெஞ்சில் போலப் பாயாது. வைத்தால் பிறகு இடத்தை மாற்றாதே, மாற்றினால் பழைய பதிவோடு ஒப்பிட ஏலாது. காற்றுத் துவாரத்தை ரேப் ஒட்டி மூடிவிடாதே. மணிக்கட்டில் கட்டினால் உயரம் பார்க்க நல்லது, ஆனால் கை ஆடிக்கொண்டே இருக்கும், வேகப் பதிவுக்கு நான் அதை நம்பமாட்டேன்.

உண்மையாகவே துல்லியம் வேண்டுமென்றால் ஜிபிஎஸ் கருவி வாங்கு. வேகப் போட்டிகளிலும் இப்போது அதைத்தான் ஹெல்மெற்றில் பொருத்தி, 3 வினாடிச் சராசரியில் கூடினதை எடுக்கிறார்கள். உடம்பில் காற்று எப்படி முட்டினாலும் அதற்குக் கவலையில்லை, வானம்தான் தெரிய வேண்டும், ஆகவே சட்டைப்பைக்குள் போடாதே, ஹெல்மெற்றின் பின்பக்கத்தில் வெளியே பார்க்கும்படி வை. விமானத்தில் ஏறுமுன் வெட்டவெளியில் நின்றே போட்டுவிடு, உள்ளே போனபின் தகரக் கூட்டுக்குள் செய்மதிகளைப் பிடிக்க அது சிரமப்படும்.

எதைக் கட்டினாலும் பரசூட் திறக்கும் உயரத்துக்கு கையில் கட்டியிருக்கிற உன் உயரமானியைப் பார். அடுத்த முறை பாய்ந்ததும் வரைபடத்தை எனக்கு மட்டும் அனுப்பு. அம்மாவிடம் நீ 'கொஞ்சம் வேகமாக' விழுகிறாய் என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன்.

அப்பா
கொக்குவில்