லாக் வரிசையைக் காட்டித் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

நம் ஸ்டோரேஜ் கிளையன்ட் (சர்வரில் இருக்கும் கோப்புகளை நம் மெஷினிலேயே இருப்பதுபோல் திறக்கவும் எழுதவும் விடும் நிரல்) ஒரு தடவைகூட உறையாமல் நேற்றோடு நாற்பது நாள் ஆகிவிட்டது. இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கிய வாரத்தில் வந்த பிழை, மழை ஓய்ந்த பிறகுதான் போயிற்று. குலசேகரத்தில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும் நான் எழுதிய நிரல்தான் அது. ஆனால் பிழையைத் துண்டு துண்டாகக் கண்டுபிடித்துக் கொடுத்தது நீங்கள். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சொன்னால் மற்றவர் செய்தது உங்களுக்குத் தெரியாமல் போகும் என்றுதான் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இரவு ஷிஃப்ட் அக்காவுக்கு. கோப்பைத் தொட்ட புராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) எல்லாம் டி நிலைக்கு, அதாவது எழுப்ப முடியாத காத்திருப்புக்கு, போய்விடும். நிறுத்தச் சொல்லி கில் கட்டளை கொடுத்தாலும் சாகாது. வாடிக்கையாளர் "ரீபூட் பண்ணுங்க" என்று போனில் நெருக்கிக்கொண்டே இருப்பார். ரீபூட் பண்ணினால் தடயமும் சேர்ந்து போய்விடும். அக்கா, நீங்கள் ஒவ்வொரு தடவையும் அவரிடம் இரண்டு நிமிடம் கேட்டு வாங்கி, சிஸ்ஆர்க்யூ (லினக்ஸின் மையமான கெர்னலுக்கு நேரடியாகக் கொடுக்கும் அவசரக் கட்டளை) கொடுத்து, முடங்கிக் கிடந்த எல்லா டாஸ்க்குகளின் ஸ்டேக்கையும் (நிரலில் எந்த இடத்தில் நிற்கிறது என்ற தடத்தையும்) எடுத்து அனுப்பிய பிறகே ரீபூட் செய்தீர்கள். அப்படி ஐந்து பதிவுகள். அவை இல்லாவிட்டால் இன்னும் நெட்வொர்க்கைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன்.

ஐந்திலும் ஒரே கதைதான். லாக் என்பது ஒரு நேரத்தில் ஒருவர் மட்டுமே பிடிக்கக்கூடிய பூட்டு; ஐநோடு என்பது ஒரு கோப்பின் விவரக் குறிப்பு; செஷன் என்பது சர்வரோடு உள்ள தொடர்பு. கோப்பில் எழுத வந்த திரெட் (நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலை), அந்தக் கோப்பின் ஐநோடு லாக்கைப் பிடித்துக்கொண்டு, சர்வரிடம் அனுமதி கேட்பதற்காக செஷன் லாக்குக்குக் காத்து நிற்கிறது. அதே நேரம் சர்வர் "கொடுத்த அனுமதியைத் திருப்பித் தா" என்று செய்தி அனுப்புகிறது. செய்தியை வாங்கும் திரெட் செஷன் லாக்கைப் பிடித்துக்கொண்டு ஐநோடு லாக்குக்குக் காத்து நிற்கிறது. இரண்டும் இனி நகராது.

இதைச் சித்தப்பாவிடம் சொன்னது, ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகையில் நின்றபடி. நாலு வீட்டுக்காரர்களுக்கு அங்கே ஒரு பிளெயின் ரோலர், ஒரு அச்சு ரோலர். "எல்லாரும் பிளெயின்ல போட்டுட்டுத்தான் அச்சுக்குப் போவோம். எவனாவது அச்சு ரோலர்ல ஷீட்டை மாட்டி வச்சுக்கிட்டு, கனம் கூடிப்போச்சுன்னு பிளெயினுக்குத் திரும்பி வந்தாம்னா அன்னைக்கு ரெண்டு மிஷினும் நிக்கும் மக்கா" என்றார். அன்று மாலையே நிரலின் தலையில் எழுதி வைத்தேன்: முதலில் ஐநோடு, பிறகு செஷன், ஒருக்காலும் மாற்றி அல்ல. செய்தி வாங்கும் திரெட் இப்போது செஷன் லாக்கை வைத்துக்கொண்டு ஐநோடைத் தேடி, அது கைவிட்டுப் போகாதபடி ஒரு ரெஃபரன்ஸ் (இது இன்னும் தேவை என்ற அடையாளம்) மட்டும் எடுத்துக்கொள்ளும். செஷனை விட்ட பிறகே ஐநோடு லாக்கைக் கேட்கும். சித்தப்பா, உங்களுக்கு ஐநோடு என்றால் என்னவென்று தெரிய வேண்டாம். இந்த வரிசை உங்கள் கொட்டகையில் கிடைத்தது, அது போதும்.

காலேஜில் எங்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ் எடுத்த சாருக்கும் நன்றி. ஓய்வு பெற்ற பிறகும் நாகர்கோவில் வீட்டில் உட்கார வைத்து, டெட்லாக் (ஒருவருக்கொருவர் காத்து எல்லாரும் முடங்குவது) வர வேண்டுமானால் சேர்ந்திருக்க வேண்டியவை என்று 1971ல் காஃப்மனும் கூட்டாளிகளும் எழுதிய நான்கு நிபந்தனைகளை மறுபடி பேப்பரில் எழுதிக் காட்டினார். ஒருவர் மட்டுமே பிடிக்க முடியும், பிடித்ததை விடாமல் அடுத்ததுக்குக் காத்திருப்பார், பிடுங்கவும் முடியாது, காத்திருப்பது வட்டமாகச் சுற்றி வரும். நான்கில் எது ஒன்று உடைந்தாலும் டெட்லாக் கிடையாது. வரிசை வைத்தால் வட்டம் உடையும். "அது உடையலேன்னா ரெண்டாவதை உடைக்கப் பாரு" என்று அப்போதே சொல்லி அனுப்பினார். அதன் அருமை அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

முகம் தெரியாத ஒருவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். 2006ல் இங்கோ மோல்னார் லினக்ஸ் கெர்னலுக்குக் கொடுத்த லாக்டெப் என்ற சோதனைக் கருவி, எந்த லாக்கை வைத்துக்கொண்டு எந்த லாக்கை எடுக்கிறோம் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டே வரும். வரிசை ஒரு தடவை தலைகீழானால் போதும், எதுவும் முடங்காமலேயே எச்சரித்துவிடும். என் நிரலில் இன்னும் இரண்டு இடங்களை அது காட்டியது. ஓர் எச்சரிக்கை கொடுத்ததும் தன்னை நிறுத்திக்கொள்ளும் என்பதால், ஒன்றைத் திருத்தி, ரீபூட் செய்து, மறுபடி ஓட்டினால்தான் அடுத்தது தெரியும். பொறுமையாகச் செய்தால் பலன் உண்டு.

அப்புறம் குளச்சல் தம்பி. லாக்டெப் அமைதியானதும் வேலை முடிந்தது என்று நான் சொல்லிவிட்டேன். நீதான் ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கிளையன்ட் மெஷின்களை வைத்து, ஒவ்வொரு பதிலுக்கும் நடுவே தாறுமாறாகத் தாமதம் செருகி, இரவெல்லாம் ஓடவிட்டாய். விடியும்போது இரண்டும் உறைந்து கிடந்தன, லாக்டெப்பிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. ஒரு மெஷின் ஐநோடு லாக்கை வைத்துக்கொண்டே சர்வரின் பதிலுக்குக் காத்திருந்தது. மற்றதும் அப்படித்தான், வேறொரு கோப்புக்காக. இருவருக்கும் பதில் சொல்ல, எதிராளி வைத்திருக்கும் அனுமதி சர்வருக்குத் திரும்பி வர வேண்டும். திருப்பிக் கொடுக்கவோ அந்த லாக்கே வேண்டும். வட்டம் சர்வர் வழியாகச் சுற்றி வந்திருக்கிறது. ஒரு கெர்னலுக்குள் இருக்கும் லாக்டெப்புக்கு அது எப்படித் தெரியும்? பதிலுக்குக் காத்திருப்பதும் ஒரு லாக்தான் என்று நீ சொன்னபோது சாரின் இரண்டாவது நிபந்தனை நினைவுக்கு வந்தது. இப்போது லாக்கை விட்டுவிட்டுத்தான் காத்திருக்கிறோம். பதில் வந்ததும் மறுபடி எடுத்து, இடையில் கோப்பின் பதிப்பு எண் மாறியிருந்தால் முதலிலிருந்து தொடங்குகிறோம். கொஞ்சம் வேகம் குறைந்தது, பரவாயில்லை.

செஷன் லாக்கைப் பிடித்தபடி மெமரி கேட்ட இடத்தைக் கண்டுபிடித்ததும் நீதான். மெமரி பற்றாமல் போனால் கெர்னல், மெமரியில் தங்கி இன்னும் சர்வருக்கு எழுதாத பக்கங்களை எழுதச் சொல்லி நம்மிடமே திரும்பி வரும், அதற்கும் அதே செஷன் லாக் வேண்டும். நோஎஃப்எஸ் (மெமரி தேடும்போது கோப்பு நிரலுக்குள் திரும்பி வராதே என்று கெர்னலுக்குச் சொல்லும் குறி) போட்டு அதையும் அடைத்தாயிற்று.

கரண்ட் போன இரவுகளில் இன்வெர்ட்டர் லைன் இழுத்துக் கொடுத்த பக்கத்து வீட்டு மாமாவுக்கும், மூன்று மணிக்கு எழுந்து கட்டஞ்சாயா போட்டுத் தந்த அம்மாவுக்கும் என் அன்பு.

அக்கா, அந்த ஐந்து பதிவுகளையும் அழிக்கவில்லை. நம் டெஸ்ட்டுகளோடு சேர்த்து, நீங்கள் அனுப்பிய நேரம் உட்பட அப்படியே வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
குலசேகரத்திலிருந்து உங்கள் தம்பி