வண்டிக்கு லைட் மாட்டப்போகும் மகளுக்கு

போடிநாயக்கனூர்

அன்புள்ள பாப்பா,

உன் மகிந்திரா தார் ஜீப்பில் மாட்ட வாங்கிய லைட், ஒயர் எல்லாவற்றையும் நீ படம் எடுத்து அனுப்பியதைப் பார்த்தேன். போனிலேயே சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை முயன்றேன். சுவிட்சுக்குப் பதிலாகக் கரண்டின் பளுவைத் தாங்கும் ரிலே என்ற சின்னப் பெட்டியின் நான்கு கால்களைப் பற்றிச் சொல்லத் தொடங்குவதற்குள் உனக்கு அடுத்த மீட்டிங் வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன். இதைப் பானெட்டின் மேல் விரித்துவைத்து, ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே நீ வேலை செய்யலாம்.

முதலில் லைட்டைப் பற்றி. நீ வாங்கியிருக்கும் இரண்டு பெரிய வட்ட லைட்டுகளும், ஒவ்வொன்றும் 55 வாட் ஹாலஜன், நல்ல பொருள்தான். ஆனால் மழைக்காலத்தில் புனே பக்கத்துத் தாம்ஹினிக் கணவாயில் மேகம் இறங்கி, ரோட்டோரக் கோடுகூடத் தெரியவில்லை என்பதுதானே உன் தொல்லை? தூரத்துக்கு அடிக்கும் லைட்டை மூட்டத்துக்குள் போட்டால், அந்த வெளிச்சம் நீர்த்துளிகளில் பட்டு உன் கண்ணுக்கே திரும்பி வரும். எதிரே வெள்ளைச் சுவர் எழுந்ததுபோல இருக்குமே தவிர வழி தெரியாது. மூட்டத்துக்கு வேண்டியது, பம்பருக்குக் கீழே தாழ்வாகப் பொருத்தி, அகலமாகவும் மேல்விளிம்பு வெட்டியதுபோலவும் விழும் ஃபாக் லேம்ப். மஞ்சள் நிறம் மூட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகும் என்று கடைக்காரர் சொல்வதை நம்பாதே. கண் கூச்சம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். ஆகவே அந்தப் பெரிய ஜோடியை மழை இல்லாத நாளில் காட்டுப்பாதையில் போவதற்கு வைத்துக்கொண்டு, சிறிய ஃபாக் லேம்ப் ஒரு ஜோடி தனியாக வாங்கிக்கொள். கூரைமேல் வரிசையாக மாட்டும் ஆசை மட்டும் வேண்டாம். அந்த வெளிச்சம் உன் பானெட்டின் மேலேயே விழுந்து கண்ணைக் கெடுக்கும்.

லைட்டோடு வந்த ரெடிமேட் ஒயர் செட்டைப் படத்தில் பார்த்தபோது தடிமனாகத்தான் தெரிந்தது. ஆனால் வெளியே தெரியும் தடிமன் பிளாஸ்டிக்கின் தடிமன். உள்ளே செம்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி. ஒரு முனையை அரை அங்குலம் சீவிப் பார். அதில் ஓர் இழையைப் பிரித்தெடுத்துப் பிளேடால் மெல்லச் சுரண்டு. மேலே செம்பு நிறமும் சுரண்டிய இடத்தில் வெள்ளையும் தெரிந்தால், அது அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசிய ஒயர், தூக்கிப் போட்டுவிடு. மேலே வெள்ளையாக இருந்து, சுரண்டினால் செம்பு தெரிந்தால் அது வெள்ளீயம் பூசிய நல்ல செம்பு. ஈரத்துக்கு இன்னும் நல்லது. வீட்டுக்குப் போடும் ஒயரையும் கொண்டுவராதே. எஞ்சினின் சூட்டுக்கும் வண்டியின் ஓயாத அதிர்வுக்கும் தாங்கும்படி, நுண்ணிய இழைகள் நிறைய உள்ள ஆட்டோ ஒயர் தனியாகக் கிடைக்கிறது.

அளவுக்குக் கணக்கு இருக்கிறது. 55 வாட் லைட் இரண்டும் சேர்ந்து 110 வாட். 12 வோல்ட்டில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். பேட்டரியிலிருந்து லைட் வரை 3 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், 0.75 சதுர மில்லிமீட்டர் ஒயரில் போகும்போதே அரை வோல்ட்டுக்கும் மேல் வழியில் கரைந்துவிடும், 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் கால் வோல்ட்கூடப் போகாது. அரை வோல்ட்தானே என்று நினைக்காதே. ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் வெளிச்சம் பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். ‘லைட் மங்கலாக இருக்கிறது, நூறு வாட் பல்பு போடுங்கள்’ என்று கடைக்கு வந்த எத்தனையோ பேருக்கு, பல்பைத் தொடாமல் ஒயரை மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறேன். இரண்டாம் உலகப்போர்க் காலத்து வில்லிஸ் ஜீப்புகள் 6 வோல்ட்டில் ஓடியவை. அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் தேவைப்படும் என்பதால் அவற்றுக்கு ஒயரும் அந்த அளவுக்குத் தடிமனாக வேண்டியிருந்தது. தாரின் பூர்வீகம் அந்த ஜீப்தான் என்பதால் சொன்னேன்.

இந்த இடத்தில் நான் ஒன்றைச் சொல்ல வேண்டும். நீ பிறப்பதற்கு நாலைந்து வருடம் முன்பு, ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஒரு ஜீப்புக்கு நான் இரண்டு லைட் மாட்டிக்கொடுத்தேன். அப்போது தொழில் கற்று முடித்த திமிர் எனக்கு இருந்தது. ரிலே போடாமல் ஹெட்லைட் சுவிட்சிலிருந்தே நேராக ஒயர் இழுத்தேன். எஞ்சினுக்கும் உள்பக்கத்துக்கும் நடுவே இருக்கும் தகட்டில் டிரில்லால் துளை போட்டு, ரப்பர் புஷ் வைக்காமல், அதன் வழியே ஒயரைச் செலுத்தினேன். ஃபியூஸும் போடவில்லை. பத்து நாள் நன்றாக எரிந்தது. பதினோராம் நாள் விடிகாலையில், போடிமெட்டு ஏற்றத்தில், வண்டி நிறையத் தோட்டத்துப் பெண்கள் உட்கார்ந்திருக்கும்போது டேஷ்போர்டுக்கு அடியிலிருந்து புகை வந்திருக்கிறது. டிரைவர் வண்டியை ஓரம்கட்டி எல்லாரையும் இறக்கிவிட்டு, எரிகிற ஒயரைக் கையாலேயே பிடித்து இழுத்து அறுத்திருக்கிறார். மாலையில் கடைக்கு வந்து, துணி சுற்றிய கையோடு அந்த ஒயர்த் துண்டை என் மேசைமேல் வைத்தார். துளையின் விளிம்பில் உரசி உரசி ஒரு விரல்கடை அளவுக்குச் செம்பு வெளியே தெரிந்தது. அங்கிருந்து இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் கருகி உருகியிருந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அந்தத் துண்டு இன்றும் மேசை டிராயரில்தான் கிடக்கிறது. சிறு வயதில் நீ அதை எடுத்து விளையாடி என்னிடம் திட்டு வாங்கியது உனக்கு நினைவிருக்கும்.

ஆகவே ரிலேயிலிருந்து தொடங்குகிறேன். சுவிட்சுக்குள் இருக்கும் சின்னத் தகடு 9 ஆம்பியரைத் தினமும் துண்டித்து இணைக்கச் செய்ததன்று. சில மாதங்களில் அது கருகிச் சூடாகும். ரிலே என்பது சுவிட்சுக்குப் பதிலாக அந்தப் பளுவைத் தூக்கும் வேலைக்காரன். அதன் அடியில் கால்களுக்குப் பக்கத்திலேயே எண்கள் பொறித்திருக்கும். 30 என்ற காலுக்குப் பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் தடித்த ஒயர். 87 என்ற காலிலிருந்து லைட்டுகளுக்குப் போகும் தடித்த ஒயர். 86-க்கு சுவிட்சிலிருந்து வரும் சின்ன ஒயர், 85 எர்த், அதாவது வண்டியின் இரும்பு உடலுக்குப் போகும் ஒயர். அந்தச் சின்ன ஒயரில் 0.2 ஆம்பியர் அளவுக்குத்தான் கரண்ட் ஓடும் என்பதால், வண்டிக்குள்ளே வருகிற எதுவும் சூடாக வழியில்லை. நடுவில் 87ஏ என்று ஐந்தாவது கால் இருக்கும் ரிலே கிடைத்தால், அந்தக் காலைச் சும்மா விட்டுவிடு. அதில் லைட்டைக் கொடுத்தால் சுவிட்சை அணைத்திருக்கும்போது எரியும். ரிலேயைக் கால்கள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டு. மேல்நோக்கி இருந்தால் தண்ணீர் உள்ளே தங்கும். ஜோடிக்கு ஒன்றாக இரண்டு ரிலே, இரண்டு ஃபியூஸ், இரண்டு சுவிட்ச்.

ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற என்று பலரும் நினைக்கிறார்கள். அது ஒயரைக் காப்பாற்றுவதற்கு இருக்கிறது. அதனால் அது லைட்டுக்குப் பக்கத்தில் இருந்து பயனில்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். பேட்டரிக்கும் ஃபியூஸுக்கும் இடையில் இருக்கும் ஒயர் எதற்கும் கட்டுப்படாத ஒயர். அது எவ்வளவு குட்டையோ அவ்வளவு நல்லது. உன் லைட்டுகளுக்கு ஜோடிக்கு 15 ஆம்பியர், அதாவது நீல நிற ஃபியூஸ். அது போனால் ஏன் போனது என்று தேடு. மஞ்சளை, அதாவது இருபதை, எடுத்துச் செருகிப் பார்க்காதே.

ஒயர் போகும் வழியில்தான் நீ அதிக நேரம் செலவழிக்க வேண்டும். உள்ளே வருவதற்குப் புதுத் துளை போடாமல், கம்பெனி ஒயர் போகும் ரப்பர் புஷ்ஷிலேயே இடம் இருக்கிறதா என்று பார். போட்டே ஆக வேண்டும் என்றால் விளிம்பை அரத்தால் தேய்த்து, பெயின்ட் தொட்டு, ரப்பர் புஷ் மாட்டிய பிறகே ஒயரைச் செலுத்து. வெளியே நெளிவுக் குழாயில் போட்டு ஒரு சாணுக்கு ஓர் இடம் கட்டு. சைலன்சர் பக்கமும் ஸ்டியரிங் தண்டின் பக்கமும் போகக் கூடாது. இணைப்புகளைக் கிரிம்ப் செய், அதாவது ஒயரை உலோக முனைக்குள் செருகிப் பிளையரால் நசுக்கிப் பிடிக்க வை. ஈயம் பற்றவைத்தால் ஈயம் இழைகளுக்குள் ஊறி அந்த இடம் விறைத்துப்போய், குலுக்கலில் அதன் விளிம்பிலேயே ஒயர் ஒடியும். கறுப்பு டேப் மட்டும் சுற்றி விடாதே. ஒரு மழைக்காலத்தில் பசை இளகி வழிந்துவிடும். சூடு காட்டினால் சுருங்கிப் பிடிக்கும், உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடு.

எர்த்தை எல்லாரும் கடைசியில், களைத்துப்போன பிறகு, கையில் கிடைத்த போல்ட்டில் மாட்டுகிறார்கள். என் கடைக்கு ‘விட்டு விட்டு எரிகிறது’ என்று வந்த வண்டிகளில் பெரும்பாலானவற்றின் நோய் அதுதான். பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பான இரும்பு தெரிந்த பிறகு, ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கை வைத்து முறுக்கி, மேலே கிரீஸ் தடவு. எர்த் ஒயரும் பாசிட்டிவ் அளவுக்கே தடிமனாக இருக்கட்டும்.

சுவிட்சுக்கு வருகிறேன். பெரிய லைட்டுகளின் சுவிட்சுக்கான லைனை ஹெட்லைட்டின் பிரைட் ஒயரிலிருந்து எடு. அப்போதுதான் எதிரே வண்டி வரும்போது நீ டிம் செய்த அதே நொடியில் அவையும் அணையும். இல்லையென்றால் வளைவில் ஒரு கை ஸ்டியரிங்கிலும் ஒரு கை சுவிட்சைத் தேடியும் அலையும். ஆனால் ஒயரைக் கிள்ளுவதற்கு முன் டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார். சில வண்டிகளில் ஹெட்லைட்டுக்குப் பாசிட்டிவ் எப்போதும் வந்துகொண்டே இருக்கும், எர்த்தைத்தான் சுவிட்ச் துண்டிக்கும். உன்னுடையது பழைய தார் என்பதால் இந்த வேலை எளிது. இப்போது வரும் வண்டிகளில் விளக்கு ஒயரையும் ஒரு கம்ப்யூட்டர் கண்காணிக்கிறது, கிள்ளினால் அது கோபித்துக்கொள்ளும். ஃபாக் லேம்ப்புக்கு பார்க்கிங் லைட்டிலிருந்து லைன் எடு; மூட்டத்தில் பிரைட் போடக் கூடாது என்பதால் அதோடு இதைக் கட்டிவிட்டால் உனக்குப் பயனில்லை. இரண்டு சுவிட்சும் ஒரே மாதிரி இருக்க வேண்டாம். ஒன்று அமுக்குவது, ஒன்று தள்ளுவது என்று இருந்தால் இருட்டில் விரலுக்கே தெரியும். உள்ளே சின்ன விளக்கு எரியும் சுவிட்ச் என்றால் மூன்றாவது கால் எர்த்துக்கு. அதை மாற்றிக் கொடுத்தால் சுவிட்சைப் போட்டதும் ஃபியூஸ் போகும்.

இன்னொன்று. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் 111-ஆவது விதி வண்டியின் முன்னால் ஸ்பாட் லைட், சர்ச் லைட் வைப்பதைத் தடை செய்கிறது. அதனால் அந்தப் பெரிய ஜோடியை மாட்டுவதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுக்கொள், பிறகு மாட்டினாலும் ஊருக்குள் உறை போட்டு மூடியே ஓட்டு.

வேலை தொடங்கும்போது பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்று, முடிந்ததும் அதையே கடைசியில் மாட்டு. பாசிட்டிவை முதலில் கழற்றப்போய் ஸ்பேனர் பாடியில் பட்டால் பொறி பறக்கும். பல்பின் கண்ணாடியை விரலால் தொடாதே. எல்லாம் முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு, லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி பாசிட்டிவிலும் மறுமுனையைப் பல்பின் பாசிட்டிவிலும் வைத்துப் பார்த்து எழுதி அனுப்பு. பிறகு நெகட்டிவ் பக்கமும் அப்படியே. எதிலாவது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வண்டியை வெளியே எடுக்காதே. எந்த இணைப்பு என்று சேர்ந்து தேடலாம்.

பார்சலில் நான்கு ரிலே வைத்திருக்கிறேன். இரண்டு மாட்டுவதற்கு, இரண்டு டேஷ்போர்டில் கிடக்கட்டும். 2.5 ஒயர் சிவப்பிலும் கறுப்பிலும், சின்ன ஒயர் மஞ்சளில். எந்த நிறம் எதற்கு என்று ஒரு படம் வரைந்து பானெட்டின் உள்பக்கம் ஒட்டிவிடு. என் கிரிம்பிங் பிளையரையும் அனுப்பியிருக்கிறேன். தீபாவளிக்கு வரும்போது அதை மறக்காமல் கொண்டு வா. இங்கே கடையில் அதற்கு இன்னும் வேலை இருக்கிறது.

அன்புடன்,
அப்பா