ப்ரைமரி ஆர்ட் ப்ராஜெக்ட் பத்தி பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஹெட்மிஸ் அவர்களுக்கும் ப்ரைமரி டீச்சர்களுக்கும் வணக்கம்.

எதைப் பத்தி எழுதுறேன்னு உங்களுக்கே தெரியும், மழைக்கால ப்ராஜெக்ட் தான். என் சின்னவ ஒண்ணாங்கிளாஸ், பெரியவன் அஞ்சாங்கிளாஸ். ரெண்டு பேர் பையிலயும் ஒரே பிரிண்ட்அவுட். ஒரு மேகம், கீழ ஒரு குடை, வெட்டி ஒட்டி மேகத்துக்கு பஞ்சு வெச்சு குடைக்கு நீலம் அடிச்சு காலையில கொண்டு வரணும்னு முந்தின நாள் ராத்திரி க்ரூப்ல மெசேஜ் வருது. பெரியவன் பத்து நிமிஷத்துல முடிச்சு தூக்கிப் போட்டுட்டு போய்ட்டான். சின்னவளுக்கு இன்னும் வளைவுல கத்தரி திரும்பாது, குடையோட நெளிவை வெட்ட வெட்ட கைப்பிடியே தனியா வந்துடுச்சு, அழுதுகிட்டே டேப் போட்டா. பேப்பர்ல ஒட்டின பஞ்சை விட விரல்ல ஒட்டினது தான் ஜாஸ்தி.

சரி, அதை விடுங்க. மறுநாள் வராண்டா போர்டுல அவ பேர் போட்டு மாட்டியிருந்த குடை அவளோடது இல்ல. அவ அடிச்சது சிவப்பும் பச்சையும். கேட்டா, "போர்டு நீட்டா இருக்கணும்ல மேடம், அதான் நாங்களே வேற வெட்டி மாட்டிட்டோம்"னு பதில். "அப்ப நான் எதுக்கும்மா செஞ்சேன்?"னு அவ கேக்குறா. நீங்களே வந்து பதில் சொல்லிட்டா நல்லா இருக்கும்.

நான் கேக்குறது இவ்வளவு தான்: அந்தந்த வகுப்புக்கு அந்தந்த வயசுக்கு ஏத்த ப்ராஜெக்ட் குடுங்க, பிள்ளைங்க செஞ்சதை செஞ்ச மாதிரியே மாட்டுங்க.

இது ஒண்ணும் புது விஷயம் இல்லீங்க. குழந்தைங்க வயசுக்கு வயசு எப்படி வரைவாங்கன்னு கலைக்கல்விப் பேராசிரியர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947லயே பிரிச்சு எழுதிட்டார். 7, 8 வயசுல பேப்பர் அடியில ஒரு கோட்டைப் போட்டு வீடு, மரம், ஆள் எல்லாத்தையும் அதுமேல நிறுத்துவாங்க. ஒண்ணை ஒண்ணு மறைக்கிற மாதிரி வரையணும்னு தோணுறதே 9 வயசு வாக்குல தான். அதே மழையையே எடுத்துக்கோங்க. ஒண்ணாங்கிளாஸுக்கு வெள்ளை க்ரேயான்ல கோடு கோடா போட்டு மேல நீல வாட்டர்கலர் அடிக்கச் சொல்லுங்க, மெழுகு இருக்கிற இடத்துல தண்ணி நிக்காது, மழை தானா தெரியும், கத்தரியே வேண்டாம். மூணாங்கிளாஸ்னா இலையோட நரம்புப் பக்கம் மேல பாக்குற மாதிரி வெச்சு, பேப்பர் போட்டு க்ரேயானைப் படுக்க வெச்சு தேய்க்கலாம். அஞ்சாங்கிளாஸ் பசங்களுக்கு, மழையில தூரத்துல இருக்கிறது ஏன் வெளிறித் தெரியுது, நனைஞ்ச ரோட்டுல வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாத்து வரையச் சொன்னா அவங்களே மெனக்கெடுவாங்க. பஞ்சு ஒட்டச் சொன்னா?

போன குளிர்காலத்துக்கு குடுத்த பனிப்பூ (ஸ்னோஃப்ளேக்) பிரிண்ட்டுக்கு எட்டு முனை. நிஜப் பனிப்பூ எல்லாம் ஆறு கணக்குல தாங்க வளரும், சயின்ஸ் டீச்சர் அந்த போர்டு பக்கம் வரலை போல. அப்புறம் அந்த "பெஸ்ட் ப்ராஜெக்ட்" பரிசு. இலையுதிர் மரத்துக்கு பரிசு வாங்கின அந்த அப்பாவுக்கு என் வாழ்த்துக்கள், உண்மையிலேயே நல்ல கைவேலை. ஆபீஸ் வேலையையும் பாத்துகிட்டு கிளைக்குக் கிளை கம்பி சுத்துறது லேசுப்பட்ட காரியமா? பெற்றோருக்குன்னே தனியா ஒரு போட்டி வெச்சுட்டா பிள்ளைங்களாவது நிம்மதியா கிறுக்குவாங்க.

மன்னிக்கணும், எங்கயோ போய்ட்டேன். டீச்சர்ஸ் மேல எனக்கு கோவம் இல்ல, அத்தனை பிள்ளைங்களை வெச்சுகிட்டு போர்டையும் நிரப்பணும்னா எது சுலபமோ அதைத் தான் செய்வாங்க. அந்த போர்டு எப்படி இருக்கணும்னு முடிவு பண்றது நீங்க. அதனால தான் உங்ககிட்ட மறுபடி கேக்குறேன், வயசுக்கு ஏத்த வேலை, அவங்க கையால செஞ்சதே போர்டுல. கோடைக்கால ப்ராஜெக்ட் வர்றதுக்குள்ள இதை முடிவு பண்ணி, என்னென்ன பொருள் வேணும்னு ஒரு வாரம் முன்னாடியே தயவுசெஞ்சு சொல்லிடுங்க. அடுத்த பேரண்ட்ஸ் மீட்டிங்ல இதைப் பேச நேரம் ஒதுக்கினா வந்து பேசுறேன்.

இப்படிக்கு,
ஒண்ணாங்கிளாஸ், அஞ்சாங்கிளாஸ் பிள்ளைகளின் அம்மா