நிலத்துக்குக் கீழே ஓர் ஒலிப்பதிவறை

ஸ்காபரோ, கனடா
கார்த்திகை மாதம்

அன்புள்ள தம்பிக்கு,

நலம். அம்மாவின் முழங்கால் நோவு இப்போது எப்படி என்று அடுத்த கடிதத்தில் கட்டாயம் எழுது. இங்கே குளிர் தொடங்கிவிட்டது. காலை ஏழு மணிக்கும் இருட்டாகவே கிடக்கிறது.

பேஸ்மன்ட் என்றால் என்ன, அதற்குள் எப்படிப் பதிவறை அமைக்கிறார்கள் என்று கேட்டிருந்தாய். இங்கே மாரியில் மண் உறைந்து பொங்கும். அதனால் அத்திவாரத்தை 4 அடிக்காவது கீழே இறக்க வேண்டும். அவ்வளவு தோண்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தோண்டி அதையே ஒரு தளமாக்கி விடுகிறார்கள். சுற்றிவரக் கொங்கிரீட், அதற்கு வெளியே மண். வீதிச் சத்தம் உள்ளே வருவது குறைவு. பாடுகிறவர்களும் வாத்தியக்காரரும் கீழே இறங்குவதற்குக் காரணம் அதுதான்.

தொல்லை மேலிருந்து வருகிறது. தலைக்கு மேலே மரச் சட்டங்கள், அவற்றின் மேல் பலகை, அதன் மேல் நடக்கும் கால்கள். சத்தத்தை மறிப்பது ஒரு வேலை, அறைக்குள் எதிரொலியை அடக்குவது வேறு வேலை. இரண்டையும் குழப்பிக்கொண்டு முட்டை மட்டையைச் சுவரில் ஒட்டுகிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். அது சத்தத்தை மறிக்காது, எதிரொலியையும் சரியாக அடக்காது, தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

மறிப்பதற்குப் பாரமும் இடைவெளியும் வேண்டும். 16 அங்குலத்துக்கு ஒன்றாக இருக்கும் சட்டங்களுக்கு இடையில் 3 அங்குலக் கல்லிழைப் பஞ்சை அடைக்க வேண்டும். சட்டங்களுக்குக் குறுக்கே அரை அங்குல உயரத் தகரச் சனல்களை, அதாவது வளைந்து கொடுக்கும் தகரப் பட்டிகளைப் பூட்டி, அந்தச் சனலில் மட்டும் 5/8 அங்குல ட்ரைவோல் என்கிற ஜிப்சம் பலகை இரண்டு அடுக்கு. அடுக்குகளுக்கு நடுவே கிரீன் குளூ என்கிற இறுகாத பசை, 4க்கு 8 அடிப் பலகை ஒன்றுக்கு இரண்டு குழாய். பிழை நடக்கும் இடம் திருகாணி. முதல் அடுக்குக்கு 1 அங்குலம், இரண்டாவதுக்கு 1 5/8 அங்குலம். அந்த அளவில் முனை சனலுக்குள்ளேயே நின்றுவிடும். கொஞ்சம் நீளமானதைப் போட்டால் அது சனலைக் கடந்து மரத்தைப் பிடித்துவிடும். பிறகு காலடி அதிர்வு அந்த ஆணி வழியாகவே பலகைக்கு இறங்கும். செய்த வேலையெல்லாம் வீண். பலகையைச் சுவரில் முட்டவிடாமல் கால் அங்குலம் விட்டு, அந்த இடுக்கையும் இறுகாத பசையால் அடைக்க வேண்டும். இவ்வளவு செய்தாலும் குதிக்கால் ஊன்றி நடக்கும் 'தொம் தொம்' முழுதாகப் போகாது. மேல்மாடியில் தடித்த கம்பளம் விரித்தால் கொஞ்சம் குறையும்.

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸும் கீழேதான் நிற்கிறது. பதிவு நடக்கும் அரை மணிக்குச் சூட்டைக் குறைத்து வைத்தால் அது ஓடாது. சத்தத்துக்குப் பயந்து அது நிற்கும் அறையைக் காற்றுப் புகாமல் அடைப்பது பெரும் பிழை. எரிவாயு எரியக் காற்று வேண்டும். இல்லாவிட்டால் நச்சுவாயு வீட்டுக்குள் பரவும்.

சுவரில் கை வைக்குமுன் ஈரத்தைப் பார்க்க வேண்டும். 2 அடிச் சதுர பொலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட வேண்டும். தாளின் சுவர்ப் பக்கம் நனைந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. அதை முதலில் நிறுத்தாமல் எதுவும் செய்யக்கூடாது. அறைப் பக்கம் நனைந்தால் காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு 2 அங்குல நுரைப் பலகை போதும். பஞ்சை நேரே கொங்கிரீட்டோடு ஒட்டினால் பூஞ்சணம் பிடிக்கும்.

அறையின் அளவு இன்னொரு சிக்கல். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 1130 அடி போகும். அதை அறை நீளத்தின் இரட்டிப்பால் வகுத்தால் அந்த அறை தானாக முழங்கும் அதிர்வெண் வரும். 7 அடி உயரத்துக்கு 80 ஹெர்ட்ஸ். நீளம் 14 அடியானால் 40. அதன் இரட்டிப்பும் 80. இரண்டும் ஒன்றுசேர்ந்து அந்த ஒரு சுருதியை மட்டும் வீங்க வைக்கும். குறுக்குச் சுவரை ஒன்றரை அடி தள்ளிக் கட்டினாலே இது தவிரும். 2க்கு 4 அடி, 4 அங்குலத் தடிப்பில் பஞ்சுச் சட்டங்கள் செய்து துணி போர்த்தி, சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி மாட்ட வேண்டும். வாய் வைத்து ஊதினால் மூச்சு அந்தப் பக்கம் போகிற துணியாக இருக்க வேண்டும். முதலில் மூலைகள், பிறகு பக்கச் சுவர்கள். கேட்கும் இடத்தில் நீ இருக்க, ஒருவர் சுவரோடு கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடத்தில் ஒரு சட்டம்.

மிருதங்கத்துக்கு இரண்டு மைக். வலந்தலைக்கு, அதாவது வலப்பக்கத் தோலுக்கு, சிறிய கண்டென்சர் வகை மைக், ஒரு அடி தள்ளி; தொப்பிக்கு, அதாவது இடப்பக்கத் தோலுக்கு, எஸ்எம்57 மாதிரி டைனமிக் வகை மைக். இரண்டையும் சேர்த்துக் கேட்கும்போது தொப்பி மெலிந்தால், ஒரு மைக்கின் அலையைத் தலைகீழாக்கும் 'phase' பொத்தானை அமுக்கிப் பார். பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வை. உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லைத் தாண்டாமல் வைத்தால் தனியாவர்த்தனத்திலும் சத்தம் உடையாது.

வாத்தியத்தை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மாரியில் ஃபர்னஸ் காற்று ஈரப்பதனை 25 வீதத்துக்கும் கீழே இறக்கிவிடும். தோல் இறுகி சுருதி ஏறும், வலந்தலையின் நடுவிலுள்ள கருப்புக் கரணை வெடிக்கும், கட்டையும் பிளக்கலாம். கோடையில் அதே அறை 70 வீதத்துக்கு மேல் போய்த் தோல் தொய்ந்துவிடும். அதனால் மாரிக்கு ஈரமூட்டி, கோடைக்கு ஈரமுறிஞ்சி. 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நல்லது. ஈரமானி 15 டொலருக்கே கிடைக்கும். மைக் வாங்குமுன் அதை வாங்க வேண்டும்.

அங்கே நீ இதையெல்லாம் செய்யத் தேவையில்லை. சீமெந்துச் சுவரும் நிலமும் இருப்பதால் உனக்கு எதிரொலிதான் பெரிய எதிரி. பஞ்சுச் சட்டம் ஆறு, நிலத்துக்கு ஒரு விரிப்பு, பதியும்போது மின்விசிறியை நிறுத்துவது. 'ம்ம்ம்' என்று இரைந்தால் எல்லாக் கருவியையும் ஒரே பிளக்கிலிருந்து எடு. எர்த் கம்பியை மட்டும் ஒருநாளும் கழற்றாதே.

முன்னறையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அங்குலக் கணக்கில் அளந்து எழுது. யன்னல் எந்தச் சுவரில் என்பதையும் படமாகக் கீறி அனுப்பு. சட்டங்களை எங்கே மாட்டுவது என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அண்ணா